வேலையோடு போகும் வீடு

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா இங்கே மலேசியாவில் ஒரு செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் 31 வருடம் குலை வெட்டினார். இப்போது தோட்டம் கைமாறுகிறது, வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. சேமநிதியில் பெரிதாக ஒன்றும் இல்லை. அரசாங்கக் கொள்கைதான் நம்மை ஏழையாக்கியது என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். அப்பாவோ "எங்களுக்குச் சேர்த்து வைக்கத் தெரியவில்லை, தப்பு எங்களுடையது" என்கிறார். எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா மேல் கோபப்படலாமா கூடாதா என்று கேட்பது போலத்தான் எனக்குப் பட்டது. அதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோபப்படாதீர்கள். ஏன் என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தோட்டங்களில் 22 வருடம் கிராணியாக (அலுவலகக் குமாஸ்தாவாக) இருந்தேன். இன்று வரைபடத்தில் பெஸ்தாரி ஜெயா என்று போட்டிருக்கும், எங்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். செக்ரோல் (வருகை, கூலிப் பதிவேடு) எழுதுவது, சம்பளம் போடுவது, கடிதம் தட்டச்சு செய்வது என் வேலை. தோட்டத்தை விட்டு வந்தபிறகு பதினெட்டு வருடத்துக்கு மேலாகப் பட்டணத்தில் நம் மக்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். ஆகவே ஓர் ஊரின் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும். கெடாவிலோ ஜொகூரிலோ சில விஷயங்கள் வேறு மாதிரி நடந்திருக்கலாம், அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சந்தேகமே இல்லாதது. இந்த நாட்டில் அரசாங்கக் கொள்கை ஏழ்மையைக் குறைத்திருக்கிறது. 1969 மே கலவரத்துக்குப் பிறகு 1971-இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கைக்கு இரண்டு குறிக்கோள்கள். இனம் பாராமல் ஏழ்மையை ஒழிப்பது ஒன்று. இந்த இனத்துக்கு இந்தத் தொழில் என்ற நிலையை மாற்றுவது இன்னொன்று. 1970-இல் தீபகற்ப மலேசியாவில் குடும்பங்களில் 49 விழுக்காடு வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. இருபதே வருடத்தில் அது 15 விழுக்காட்டுக்கு வந்தது. ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி எண் (பூஜ்யம் என்றால் எல்லாருக்கும் சமம், ஒன்று என்றால் எல்லாம் ஒருவரிடம்) 1970-இல் தீபகற்பத்தில் 0.513. நாடு முழுவதற்குமான 2022 கணக்கில் 0.404. இதை யார் மறுத்தாலும் ஒப்புக்கொள்ள முடியாது. நெல் விவசாயிகளில் பத்துப் பேருக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் ஏழையாக இருந்த நாடு இது. மலாய்க்காரர்களில் 65 விழுக்காடு, நம்மவர்களில் 39, சீனர்களில் 26 என்றுதான் 1970-இல் வறுமை பரவிக் கிடந்தது. மலாய்க் கிராமத்துக்கு உதவி போனதைப் பொறாமையோடு பேசுகிறவர்கள் இந்த எண்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த உதவி எந்த வழியாகப் போனது என்று பார்த்தால்தான் உங்கள் அப்பாவின் கதை புரியும். கிராம மேம்பாடு என்ற பெயரில் சாலையும் தண்ணீரும் மின்சாரமும் கம்போங்கிற்கு, அதாவது மலாய்க் கிராமத்துக்குப் போயின. தோட்டம் கம்போங் இல்லை. அது ஒரு கம்பெனியின் தனியார் நிலம். அதற்குள் அரசாங்கம் பணம் போடாது, போடுவது முதலாளியின் பொறுப்பு என்று வைத்துவிட்டார்கள். தொழிலாளர் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று 1966-லேயே சட்டம் வந்தது. இருந்தும் நான் வேலைக்குச் சேர்ந்த 1983-இல் எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மாலை ஆறரைக்கு ஜெனரேட்டர் போடுவார்கள், பத்து மணிக்கு நிறுத்துவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கம்போங்கில் இரவெல்லாம் விளக்கு எரியும். பிள்ளைகள் படிக்க உட்காரும் நேரத்தில் இங்கே மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்துக் கொண்டிருப்போம். அந்த வித்தியாசத்தை யாரும் கெட்ட எண்ணத்தோடு உண்டாக்கவில்லை என்றே நான் நம்புகிறேன். படிவத்தில் "கிராமம்" என்ற கட்டம் இருந்தது, "தோட்டம்" என்ற கட்டம் இல்லை. அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அதுவே போதுமானதாக இருந்தது.

நிலமில்லாதவர்களைக் குடியேற்றிய அரசாங்க அமைப்பான ஃபெல்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1956-இல் தொடங்கினார்கள். நிலமில்லாத குடும்பத்துக்கு ஏறத்தாழ பத்து ஏக்கர் ரப்பரோ செம்பனையோ, வீடு கட்ட ஒரு மனை. அதே செம்பனை, அதே வெயில், அதே அரிவாள். குடியேறியவர் வெட்டியது கடைசியில் தன் பெயருக்கு வரப்போகும் மரத்தில். உங்கள் அப்பா வெட்டியது கம்பெனி மரத்தில். அங்கே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், நம்மவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்கள் என்று நம்மை அந்தக் கணக்கிலிருந்து விட்டுவிட்டார்கள். ஃபெல்டாவிலும் எல்லாம் நன்றாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2012-இல் அதன் நிறுவனம் ஒரு பங்கு 4.55 வெள்ளி (ரிங்கிட்) என்று சந்தைக்கு வந்தது, பின்னர் விலை சரிந்தது, பல குடும்பங்கள் கடனில் மாட்டிக்கொண்டன. ஆனாலும் அந்தக் கடன்பட்ட குடும்பத்திடம் "வீட்டைக் காலி பண்ணு" என்று யாரும் அவ்வளவு எளிதில் கடிதம் கொடுக்க முடியாது. அதுதான் பெரிய வித்தியாசம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நான் சொல்ல வந்ததே இதுதான். தோட்டத்து ஏழ்மைக்கு வேர் குறைந்த சம்பளம் மட்டும் இல்லை. வீடும் வேலையும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்ததுதான் வேர். 1990-களின் நடுவில் எங்கள் தோட்டத்தில் பால் வெட்டும் ஒருவர் இருந்தார். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் எண்ணும் இடத்துக்கு) வந்து பேர் கொடுத்தார், பத்து மணிக்கு மரத்தடியில் சாய்ந்தார், மாரடைப்பு. மனைவிக்கு முட்டிவலி, அதற்கு முன்பே வெளிக்காட்டு வேலையிலிருந்து நின்றுவிட்டவர். பிள்ளைகள் மூன்று பேர், மூத்தவனுக்குப் பதினான்கு வயது. வேலை செய்கிற ஆள் இல்லாத வீடு என்பதால், மூன்று மாதத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு கடிதம். அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். இரண்டு நகல் வைத்து அடித்தேன், அடியில் மேனேஜரின் கையெழுத்துக்கு இடம் விட்டேன். அந்த அம்மா அலுவலக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கிராணி ஐயா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். மலாய் படிக்கத் தெரியாது. நானே படித்துச் சொன்னேன். அவர் அழவில்லை. "அப்ப பெரியவன நாளைக்கே பேர் பதிஞ்சிக்கிறீங்களா?" என்றார். பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பினால் வீடு நிற்கும். வயது போதாது என்றேன். ஒரு வருடம் சித்தப்பா வீட்டில் ஒண்டிக் கிடந்தார்கள், அப்புறம் அவன் வேலைக்கு வந்தான், வீடும் கிடைத்தது. அவன் படிப்பு ஏன் நின்றது என்று எந்தக் கணக்கெடுப்பிலும் இருக்காது. பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட இந்திய மாணவன் என்று மட்டும் இருக்கும்.

இனி சம்பளத்துக்கு வருகிறேன். அப்பா சேர்த்து வைக்கவில்லை என்கிறாரே, ஒரு மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் நான் எழுதிய செக்ரோலில் ஒரு நல்ல வெட்டுக்காரருக்கு மாதம் 600 வெள்ளி வந்தால் அது நல்ல மாதம். மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் பேர் (ஒரு நாள் வருகைப் பதிவு) இல்லை, பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. நவம்பர், டிசம்பர் மாதங்களில் பதினாறு பேர், பதினேழு பேர்தான் விழும், அதுவும் பள்ளிக்கூடம் திறக்கப் போகும் நேரத்தில். சரி, வருடம் முழுதும் 600 என்றே வைத்துக்கொள்வோம். சேமநிதிக்குத் தொழிலாளி 11 விழுக்காடு, முதலாளி 12, ஆக 23. மாதம் 138 வெள்ளி, வருடம் 1,656. அந்த நேரத்தில் சிலாங்கூரில் மலிவு விலை வீடு 42,000 வெள்ளி. 1998-க்கு முன்பு 25,000-ஆக இருந்த உச்ச விலையை அப்போதுதான் ஏற்றியிருந்தார்கள். லாப ஈவை விட்டுவிட்டுப் பார்த்தால், சேமநிதி முழுவதையும் ஒரு காசு தொடாமல் வைத்திருந்தால்கூட அந்த வீட்டுக்கு இருபத்தைந்து வருடம் ஆகும். அப்போது வீட்டுக்காக எடுக்க முடிந்தது அதில் 30 விழுக்காடு போன இரண்டாம் கணக்கிலிருந்து மட்டும். மீதிக்கு வங்கிக் கடன் வேண்டும். வங்கி மூன்று மாதச் சம்பளச் சீட்டுக் கேட்கும். ஒரு சீட்டில் 610, இன்னொன்றில் 380, இன்னொன்றில் தீபாவளி முன்பணம் கழித்து 240. அந்தச் சீட்டுகளை எழுதிக் கொடுத்தவனும் நான்தான், கடன் மறுக்கப்பட்டு அவர்கள் திரும்பி வருவதைப் பார்த்தவனும் நான்தான். சேர்த்து வைக்கத் தெரியவில்லை என்று உங்கள் அப்பா சொல்வது அவருடைய பெருந்தன்மை. அந்தக் கணக்கில் மிச்சம் பிடிக்க எங்கே இடம் இருந்தது?

சம்பளம் ஏன் அப்படியே கிடந்தது என்பதற்கும் கொள்கையில் ஒரு பதில் உண்டு. ரப்பர் விலை ஏறினால் கொஞ்சம் ஏறும், விழுந்தால் விழும் என்று கட்டியிருந்தார்கள். சந்தையின் நட்டம் வெட்டுக்காரன் தலையில் இறங்கும் ஏற்பாடு அது. 1981 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் வெள்ளைக்காரத் தோட்டக் கம்பெனியான கத்ரியின் பங்குகளை, நம் அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் வாங்கியது. பெரிய வெள்ளைக்காரத் தோட்டங்கள் ஒவ்வொன்றாக இந்த நாட்டுக் கைக்கு வந்தன. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் லாபம் போகும் இடம் மாறியதே தவிர, லயத்தில் இருந்தவனுக்கு அந்த மாற்றத்தில் ஒரு பங்குகூட ஒதுக்கப்படவில்லை. பூமிபுத்ராக்கள் (மலாய்க்காரரும் பிற பூர்வகுடியினரும்) வாங்கக்கூடிய பங்குத் திட்டத்துக்குள் அது போயிற்று. அப்புறம் 1984-இல் இந்தோனேசியாவோடு மேடானில் ஆள் கொண்டுவரும் ஒப்பந்தம். தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொன்னார்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்: எங்களிடம் ஆள் பற்றாக்குறை இருந்தது உண்மை, ஆனால் அந்தச் சம்பளத்துக்கு ஆள் பற்றாக்குறை. குத்தகைக்காரர் மூலம் வந்தவர்கள் லயத்தின் கடைசியில் பலகைக் கொட்டகையில் தங்கினார்கள், நம்மவர்களைவிட மோசமாக. அவர்களைக் குறை சொல்வது நியாயமே இல்லை. ஆள் குறைந்த நேரத்தில் கூலி ஏறியிருக்க வேண்டும், அது ஏறாமல் போனது.

இதுவரை சொன்னது எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இனி சொல்வதில் கருத்து வேறுபாடு உண்டு. புதிய பொருளாதாரக் கொள்கைதான் இந்தியர்களை ஏழையாக்கியது என்று ஒரு வாதம். அதை முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம். அந்த இருபது வருடத்தில் எண்ணெய், மின்னணுத் தொழிற்சாலைகள், ஏற்றுமதி எல்லாம் சேர்ந்து நாடே வளர்ந்தது. வறுமை குறைந்ததில் கொள்கையின் பங்கு எவ்வளவு, வளர்ச்சியின் பங்கு எவ்வளவு என்று பொருளாதாரம் படித்தவர்களே இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம்மவர்களின் வறுமையும் குறைந்தது. நம் பெண்பிள்ளைகள் பலர் தோட்டத்தைத் தாண்டியது பினாங்கு, ஷா ஆலம் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறித்தான். என் சொந்தத் தங்கை அப்படித்தான் போனாள். ஆனால் இனவாரியாகக் கணக்கெடுக்கும் முறை தோட்டத்து ஆளை மறைத்தது என்று மட்டும் தைரியமாகச் சொல்வேன். 2019 கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களின் இடைநிலை (வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பத்தின்) வருமானம் மாதம் 5,981 வெள்ளி, பூமிபுத்ராவுக்கு 5,420. இதைக் காட்டி, இந்தியர்களுக்கு என்ன குறை என்று கேட்டால் என்ன சொல்வது? பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் வழக்கறிஞரும், எங்கள் ஊரில் ஒற்றை அறையில் இருக்கும் பழம் பொறுக்கும் பெண்ணும் ஒரே பத்தியில் வைத்து எண்ணப்படுகிறார்கள். இனத்துக்கு என்று ஒதுக்கும் உதவி, அந்த இனத்தில் படிவம் நிரப்பத் தெரிந்தவனிடமே முதலில் போய்ச் சேர்கிறது. இது மூன்று இனத்துக்கும் பொருந்தும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வறுமைக் கோட்டைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பல வருடம் ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 வெள்ளி என்று வைத்திருந்தார்கள். அதன்படி 2016-இல் நாட்டில் ஏழைகள் 0.4 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய யாருமே இல்லை. 2019 ஆகஸ்டில், கடும் வறுமை பற்றி ஆராயும் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தக் கோடு நடப்புக்கு ஒத்து வராது என்று பகிரங்கமாகச் சொன்னார். 2020-இல் கோட்டை 2,208 வெள்ளிக்கு உயர்த்தினார்கள், 2019-க்கான வறுமை 5.6 விழுக்காடு ஆகிவிட்டது. 2022-இல் கோடு 2,589, வறுமை 6.2. நான் மனு எழுதிக் கொடுத்த ஒரு குடும்பம், கணவன் மனைவி இரண்டு பேர் சம்பளமும் சேர்த்து 1,300. பழைய கோட்டின்படி ஏழை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். கோடு மாறியதும் ஏழை ஆனார்கள். அவர்கள் வீட்டு அரிசித் தவலையில் எதுவும் மாறவில்லை. பழைய எண்களையும் புதிய எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்களிடம் இதனால்தான் கவனமாக இருங்கள் என்கிறேன்.

அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்குத் தரும் ரொக்க உதவித்தொகை ஏழ்மையைப் போக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2012-இல் 500 வெள்ளியோடு தொடங்கியது, இப்போது ரஹ்மா என்ற பெயரில் வருகிறது. என் அனுபவத்தில் அது மாதத்தைக் கடத்தும், தலைமுறையைக் கடத்தாது. அதைச் சிறுமைப்படுத்தவில்லை. ஜனவரியில் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க அந்தப் பணம்தான் இருந்தது என்று சொன்ன தாய்மார்கள் எத்தனையோ பேர். 2.50 வெள்ளிக்கு விற்கும் ஒரு கிலோ எண்ணெய்ப் பொட்டலம் இல்லையென்றால் பல வீடுகளில் தாளிப்பே இருக்காது. ஆனால் அதைப் பெறவே ஒரு வாசலைத் தாண்ட வேண்டும். குடியுரிமை வேண்டும். சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை) வைத்திருக்கும் கிழவிக்கு அந்தத் தொகை இல்லை. சுதந்திரம் கிடைத்த முதல் ஓராண்டில் மலாய் மொழிச் சோதனை இல்லாமலே குடியுரிமைக்கு எழுதிப் போடலாம் என்று இருந்தது. தோட்டத்துக்குள் அந்தச் செய்தி வந்து சேராத இடங்கள் இருந்தன, சேர்ந்தும் ஒருநாள் பேரை விட்டுப் பட்டணம் போக முடியாதவர்களும் இருந்தார்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி வாங்க வேண்டும் என்றபோது பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நான் பிறப்புப் பத்திரம் தேடி அலைகிறேன். தாள் இல்லாத ஏழைக்கு எந்த நல்ல கொள்கையும் எட்டாது.

பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அப்படி முளைத்த பள்ளிகள் தோட்ட நிலத்தில் நின்றதால், முழு அரசு உதவி கிடைக்காமல் பாதி உதவியில் பல பத்தாண்டுகள் ஓடின. வீட்டுக்கு இருந்த அதே முடிச்சு பள்ளிக்கும் இருந்தது. நிலம் யாருடையது என்ற கேள்விதான் கூரையைக்கூடத் தீர்மானித்தது.

குடியைப் பற்றி உங்கள் அப்பா ஏதோ சொல்லியிருக்கிறார். குடி குடும்பங்களை அழித்தது, அதை நான் மூடி மறைக்க மாட்டேன், சம்பள நாள் இரவில் லயத்தில் கேட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது, அதற்கு உரிமம் கொடுத்தது அந்தக் காலத்து அரசாங்கம். படிக்க விளக்கு இல்லாத இடத்தில் குடிக்கக் கடை இருந்தது. குடித்தவரைக் குறை சொல்லுங்கள், கடையை வைத்த ஏற்பாட்டையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

அப்படியானால் எதுதான் வேலை செய்தது? என் கண்ணுக்குத் தெரிந்து மூன்று. ஒன்று, 1960-இல் இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் அந்நாள் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, தொழிலாளியிடம் நூறு வெள்ளிப் பங்குக்குத் தவணையில் பணம் வாங்கி, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். பால் வெட்டுகிறவன் முதலாளியின் கூட்டாளியாகலாம் என்பதை அது காட்டியது. அது நம்மவர் முயற்சி, அரசாங்கத் திட்டம் இல்லை என்பதும் உண்மை. இரண்டு, குறைந்தபட்சச் சம்பளம். 2013 ஜனவரியில் தீபகற்பத்துக்கு 900 வெள்ளி, 2022 மே மாதம் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700. வேலை போய்விடும் என்று பயம் காட்டினார்கள், எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சில இடங்களில் பழைய படிகளை அடிப்படைச் சம்பளத்துக்குள் தள்ளி ஏமாற்றினார்கள், அதையும் பார்த்தேன். ஆனாலும் சம்பளச் சீட்டில் ஒரு நிலையான எண் வந்ததும் வங்கிக்காரர் உட்காரச் சொன்னார். மூன்று, சொந்த வீடு, அதுவும் சரியாகக் கட்டிய வீடு. நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா எழுந்தது பெராங் பெசார் முதலான நான்கு தோட்டங்களின் மேல். அங்கிருந்தவர்களுக்கு டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி கொடுத்தார்கள், சுவர் விரிசல் விட்டது, தரை வீடு என்ற கோரிக்கைக்கு இருபது வருடத்துக்கு மேல் நடையாய் நடந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் புக்கிட் தாகார் சுற்றியுள்ள ஐந்து தோட்டத்து மக்கள் பல வருடம் போராடினார்கள், 2023-இல் இருநூற்றுச் சொச்சம் குடும்பங்களுக்கு வீடு கட்ட மத்திய அரசு பணம் ஒதுக்கியது. கேட்டவர்களுக்கு, கூட்டமாக நின்று கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

கடைசியாக உங்கள் வீட்டுக் கடிதம். எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: அப்பா ஓய்வு வயதை அடைந்து நிற்கிறாரா, தோட்டம் கைமாறுவதால் நிறுத்தப்படுகிறாரா? ஓய்வு வயது 2013 ஜூலையிலிருந்து அறுபது. அதற்கு முன்பே கைமாற்றத்தால் நிறுத்தினால், 1980-ஆம் ஆண்டின் வேலை நீக்கப் பலன் விதிகள் பொருந்தும். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 20 நாள் சம்பளம். 31 வருடத்துக்கு 620 நாள். இன்றைய குறைந்தபட்சச் சம்பளத்தை வைத்துப் போட்டால் முப்பதாயிரம் வெள்ளியைத் தாண்டும். புதிய முதலாளி ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை கொடுக்க முன்வந்தால் மட்டும் அது கிடைக்காது, அப்போது பழைய 31 வருடமும் தொடர்ச்சியாகக் கணக்கில் நிற்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அந்த மாதிரித் தாள்களை நானே அடித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன், அதில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். சம்பளச் சீட்டுகள், சேமநிதி அறிக்கை, வந்த கடிதம் மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு வட்டாரத் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள், புகார் கொடுக்கப் பணம் கட்டத் தேவையில்லை. உங்கள் லயத்தில் இன்னும் எத்தனை குடும்பத்துக்கு இதே கடிதம் வந்திருக்கிறது என்று இன்று மாலையே போய்க் கேட்டு, எல்லாரும் ஒன்றாகப் போங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், தன்னுடைய 31 வருடத்தை அதிகாரியிடம் அவரே தன் வாயால் சொல்லட்டும்.